வீட்டுச் செலவில் பேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு நகரங்களில் மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. உதாரணக் கணக்குகளில் வரும் வாடகையும் விலையும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. அந்த இடத்தில் உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பேரம் பேசுவதை எந்தச் செலவிலிருந்து தொடங்க வேண்டும்?

மாதா மாதம் தவறாமல் திரும்பி வருகிற பெரிய தொகையிலிருந்து தொடங்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வாசலில் கூடையை இறக்கும் கீரைக்கார அம்மாவிடம் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்கிறோம்; அன்று மாலையே வீட்டு உரிமையாளர் வந்து, 'அடுத்த மாதத்திலிருந்து ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுங்கள்' என்றால் மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறோம். வாரம் மூன்று கட்டுக் கீரையில் ஐந்தைந்து ரூபாய் குறைத்தாலும் ஆண்டுக்கு மிஞ்சுவது 780 ரூபாய். வாடகை உயர்வில் 500 ரூபாயைக் குறைக்க வைத்தால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மிஞ்சும். அதற்கு ஒரே ஒரு முறை உட்கார்ந்து பேசினால் போதும்.

ஒரு தாளில் வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம், இணைய இணைப்பு, மளிகை, மருந்து என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதத் தொகையையும், அதைக் குறைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும், ஒப்பந்தமோ சந்தாவோ எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி முக்கியமானது. முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது நம் பேச்சுக்கு இருக்கிற எடை, புதுப்பித்துப் பணம் கட்டிய மறுநாள் இருக்காது.

கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. நம்மைப் பற்றிக் குறைவாக நினைத்துவிட மாட்டார்களா?

கூச்சம் பெரும்பாலும் கேட்கிற முறையால் வருகிறது. 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்று இழுத்தால் அது யாசகம் போலத்தான் ஒலிக்கும். எதிரில் இருப்பவரும் ஒரு ஐம்பது ரூபாயைக் குறைத்து அனுப்பிவிடுவார். ஒரு தொகையையும் ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அது கணக்குப் பேச்சாகிவிடும். 'சார், இதே தெருவில் இதே அளவு வீடு 14,000 ரூபாய்க்குப் போயிருக்கிறது. நாங்கள் மூன்று வருடமாக ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்து வருகிறோம். 14,500 ரூபாய்க்கு முடித்துக்கொள்ளலாமா?' என்று கேட்பதில் எந்த அவமானமும் இல்லை.

தொகையைச் சொன்ன பிறகு பேசாமல் இருப்பதுதான் கடினம். எதிரில் இருப்பவர் யோசிக்கும் அந்த அரை நிமிடத்தைத் தாங்க முடியாமல், 'பரவாயில்லை, 15,000 என்றாலும் சரிதான்' என்று நாமே ஏற்றிவிடுவோம். இன்னொன்று: இல்லாத வீட்டையும் வாங்காத விலைப்பட்டியலையும் இருப்பதாகச் சொல்லாதீர்கள். தெருவில் வாடகை நிலவரம் உரிமையாளருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். அதைக் குறைக்க முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்க 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய' என்ற சொற்களின் வழியாகத்தான் பழைய பத்து மாத வழக்கம் இன்னும் நடமாடுகிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் பத்து மாதமும் செல்லும். ஆகவே கையெழுத்துக்கு முன்னால்தான் பேச வேண்டும். சட்டத்தை மேசை மேல் தூக்கிப் போடுவதைவிட, 'இப்போது மூன்று மாதம்தான் என்கிறார்களே, ஐந்து மாதமாக வைத்துக்கொள்ளலாமா?' என்று தொடங்குவது நல்லது. முதல் நாளே வழக்குப் பேசுகிற குடித்தனக்காரரை எந்த உரிமையாளரும் விரும்ப மாட்டார்.

அட்வான்ஸும் வாடகையும் ஒரே பேரத்தின் இரு தட்டுகள் என்பதை மறக்க வேண்டாம். வாடகை 15,000 ரூபாய் என்றால் பத்து மாத அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். அது ஐந்து மாதமாகக் குறைந்தால் 75,000 ரூபாய் உங்கள் கையில் இருக்கும், 6.5 சதவீத வைப்புநிதியில் அது ஆண்டுக்கு 4,875 ரூபாய், அதாவது மாதம் ஏறத்தாழ 400 ரூபாய் ஈட்டும். எனவே உரிமையாளருக்குக் கைப்பணம் தேவைப்பட்டு அவர் பத்து மாதத்திலேயே நின்றால், வாடகையில் 500 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான மாற்று. கடன் வாங்கி அட்வான்ஸ் கொடுப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. தனிநபர் கடன் வட்டியில் பார்த்தால் அவருக்கு அட்வான்ஸைக் குறைப்பதே லாபம்.

ஆண்டுதோறும் வாடகை ஏறுகிறது. உயர்வை எப்படிக் கட்டுப்படுத்துவது?

குடியேறும் நாளில் எழுதும் ஒப்பந்தத்திலேயே சதவீதத்தைப் பேசி முடிக்க வேண்டும். 11 மாத ஒப்பந்தப் படிவங்களில் 'புதுப்பிக்கும்போது 10 சதவீதம் உயர்வு' என்று அச்சடித்தே வைத்திருப்பார்கள். பத்திரம் எழுதுபவர் அதை யாரையும் கேட்காமல் விட்டுவிடுவார். 15,000 ரூபாய் வாடகை 10 சதவீதம் ஏறினால் இரண்டாம் ஆண்டில் 16,500, மூன்றாம் ஆண்டில் 18,150. 5 சதவீதம் என்றால் 15,750, பிறகு ஏறத்தாழ 16,540. இந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் வித்தியாசம் 28,000 ரூபாயைத் தாண்டுகிறது.

ஒப்பந்தத்தில் சொல்லாத உயர்வை இடையில் கேட்டால், உரிமையாளரின் பக்கத்துக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் காலி செய்தால் வீடு ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும், வெள்ளையடிக்க வேண்டும், தரகருக்கு ஒரு மாத வாடகை போகலாம். 1,000 ரூபாய் உயர்வு அவருக்கு ஆண்டுக்கு 12,000. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் நஷ்டம் 15,000. இதை மிரட்டலாகச் சொல்லாமல், 'உங்களுக்கும் அலைச்சல், எங்களுக்கும் அலைச்சல்' என்ற தொனியில் சொன்னால் பெரும்பாலும் நடுவில் ஒரு தொகைக்கு இறங்கி வருவார்கள்.

காலி செய்யும்போது அட்வான்ஸில் பெரிய தொகையைப் பிடித்துக்கொள்கிறார்களே?

இந்தப் பேரத்தையும் உள்ளே வரும்போதே முடித்திருக்க வேண்டும். எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். நான் ஆறு ஆண்டுகள் இருந்த ஒரு வீட்டைக் காலி செய்த அன்று, உரிமையாளர் பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார்: பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, குளியலறைக் கதவின் அடிப்பலகைக்கு 2,500, சமையல்மேடைக் கல்லில் கீறலுக்கு 1,500, சுவரில் ஆணித் துளைகளுக்குத் தனியாக 800. அடிப்பலகை நாங்கள் வரும்போதே ஊறிப் போயிருந்தது. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை. லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது எவரால் வாதாட முடியும்?

இப்போது சாவி வாங்கிய அன்றே ஒவ்வோர் அறையையும் கைபேசியில் படம் பிடித்து உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். தேதியோடு சாட்சி அங்கேயே இருக்கும். பெயின்டிங்குக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு இருந்தால் அது வேண்டாம் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஐந்தாறு ஆண்டு குடியிருந்த வீட்டுச் சுவர் மங்குவது இயல்பான தேய்மானம், சேதம் அல்ல. பிடித்தம் போக மீதி முன்பணத்தை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் மேற்சொன்ன சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆகியிருந்தால் உங்கள் நிலை வலுவாக இருக்கும்.

வீட்டு உரிமையாளர் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். மின்வாரியக் கட்டணத்தில் பேரம் ஏது?

வாரியத்தோடு பேரம் இல்லை, உரிமையாளரோடு உண்டு. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். தனி இணைப்புள்ள ஒரு சிறு குடும்பம் இரண்டு மாதத்தில் 200 யூனிட் எரித்தால் கட்டணம் 250 ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதே 200 யூனிட்டுக்கு உரிமையாளர் வைத்த துணை மீட்டரில் 9 ரூபாய் வீதம் 1,800 ரூபாய் ஆகிறது. வாடகையில் 500 ரூபாய் மலிவு என்று நினைத்துப் போன வீட்டில், மின்சாரத்தின் வழியாக அதைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருப்போம். தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால், உண்மையான பில்லை யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசுங்கள்.

தனி இணைப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய எல்லை 500 யூனிட். அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலை பறிபோய்விடும். 501-ஆவது யூனிட்டில் மட்டும் கட்டணம் சில நூறு ரூபாய் துள்ளும்.

வீட்டுக் கடன் வட்டியைக் குறைக்கச் சொல்லி வங்கியிடம் கேட்க முடியுமா?

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆகப் பெரிய பேரம் இதுதான். ஆனால் இதைத்தான் மிகக் குறைவானவர்கள் செய்கிறார்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. அதற்கு முன் வாங்கிய கடன்கள் பல இன்னும் எம்.சி.எல்.ஆர். முறையில், அதாவது வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே வட்டியைக் கணக்கிடும் பழைய முறையில் கிடக்கின்றன. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ 6.50 சதவீதத்திலிருந்து 5.50 சதவீதத்துக்கு இறங்கியபோது, ரெப்போவோடு இணைந்த கடன்களுக்கு அந்தக் குறைப்பு விரைவில் வந்துசேர்ந்தது. பழைய முறையில் இருந்தவர்களுக்கு மெதுவாக வந்தது.

30 லட்ச ரூபாய் கடன், 20 ஆண்டு மீதம், வட்டி 9.5 சதவீதம் என்றால் தவணை 27,964 ரூபாய். அது 8.75 ஆனால் 26,511 ரூபாய். மாதம் 1,453 ரூபாய் குறைகிறது. 20 ஆண்டு முழுதும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்றரை லட்சம். வேறு வங்கியிடம் இதே கடனுக்கு என்ன வட்டி தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, உங்கள் கிளைக்குப் போய், 'என் கடனைப் புதிய வட்டி விகிதத்துக்கு மாற்றித் தாருங்கள், மாற்றுக் கட்டணம் எவ்வளவு?' என்று கேளுங்கள். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் விதிக்கக் கூடாது என்பதால், நீங்கள் வேறு வங்கிக்குப் போய்விடக்கூடும் என்பது கிளை மேலாளருக்கும் தெரியும். தவணை ஒழுங்காகக் கட்டியிருந்து கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் நன்றாக இருந்தால், அவர்கள் உங்களை இழக்க விரும்ப மாட்டார்கள். வட்டி குறைந்ததும் பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால் கடன் சில ஆண்டுகள் முன்னதாகவே முடியும்.

மளிகைக் கடையில் பேரம் பேச இடம் இருக்கிறதா?

ஒவ்வொரு பொருளாகப் பேச இடமில்லை. மாதப் பட்டியலாகப் பேசினால் உண்டு. தெருமுனை அண்ணாச்சி கடையில் 6,000 ரூபாய்ப் பட்டியலைக் கொடுத்து, 'ரொக்கமாகத் தருகிறேன், மாதா மாதம் உங்களிடமே வாங்குகிறேன், எண்ணெயிலும் பருப்பிலும் விலை பார்த்துப் போடுங்கள்' என்றால் அவரால் செய்ய முடியும். எல்லாப் பொருளிலும் லாபம் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால், எதில் குறைப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுவது நல்லது.

அரிசி மூட்டையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பிறகுதான் கடைகளில் 26 கிலோ மூட்டைகள் முளைத்தன. ஆகவே இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பார்க்காமல், எத்தனை கிலோ என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். மூன்று குடும்பங்கள் சேர்ந்து மண்டியில் நான்கைந்து மூட்டையாக எடுத்தால், கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஏற்றுக்கூலியைச் சேர்த்துத்தான் விலையா என்பதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்.ஆர்.பி. அச்சடித்த பொருளைக் குறைத்துக் கேட்கலாமா? பாலுக்கு அதற்கு மேல் வாங்குகிறார்களே?

தாராளமாகக் கேட்கலாம். அது எல்லா வரிகளும் உட்பட்ட உச்ச விலை. அதற்குக் கீழே எந்த விலைக்கும் விற்கலாம், மேலே விற்கக் கூடாது. பால் பாக்கெட்டுக்கும் குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலுக்கும் 'கூலிங் சார்ஜ்' என்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூட்டி வாங்குவது எடையளவுச் சட்ட விதிகளுக்கு முரணானது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாநிலத்தில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவிலும் புகார் செய்யலாம். ஒரு ரூபாய்க்காகத் தெருக் கடைக்காரர் மேல் புகார் எழுதுவதா என்று தோன்றினால், ஆவின் மாத அட்டை வாங்கிக்கொள்வது சுலபம். அட்டை விலை, சில்லறை விலையைவிடக் குறைவு.

காய்கறியில் பேரம் பேசவே கூடாது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை, விலை தெரிந்து பேசுங்கள் என்கிறேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அதன் பிறகு மாநிலமெங்கும் பரவிய இந்தச் சந்தைகளில், ஒவ்வொரு நாளும் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவைக்கிறார்கள். அங்கே வாங்காவிட்டாலும், காலையில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தால், தெருக்கடையில் தக்காளிக்கு எவ்வளவு கேட்பது நியாயம் என்பது தெரியும். அதிகாலையில் போணி ஆகாத கடையில் முதல் ஆளாக நின்று அடித்துப் பேசுவது அழகல்ல; முதல் வியாபாரத்தைத் தட்டக் கூடாதே என்று அவர் நஷ்டத்துக்கும் கொடுத்துவிடுவார். இரவு எட்டரைக்கு மேல், மறுநாளைக்குத் தாங்காத கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் கூறு கட்டி வைத்திருக்கும் நேரத்தில் கேட்டால் இருவருக்கும் லாபம்.

தலையில் சுமந்து வருகிறவரிடம் நான் விலை பேசுவதில்லை. கொசுறு மட்டும் கேட்பேன். ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நான்கு பச்சை மிளகாயும் அவருக்குப் பெரிய இழப்பல்ல, நமக்கு அன்றைய ரசத்துக்கு ஆயிற்று.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் தனியாகப் பணம் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

வீட்டு வாசல் வரை கொண்டுவந்து தரும் செலவு பில்லில் உள்ள தொகையிலேயே அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம், கடமையல்ல. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடிக்குத் தோளில் தூக்கி வருகிறவருக்கு இருபது ரூபாய் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐம்பது, அறுபது என்று கறாராகக் கேட்டால், 'பில்லில் உள்ளதைத் தருகிறேன்' என்று அமைதியாகச் சொல்லிவிடலாம். நீங்களே கிடங்குக்குப் போய் எடுத்து வந்தால் விலையில் ஒரு சிறு தொகையைக் கழிக்க வேண்டும்.

எடை பார்ப்பதுதான் இதில் உண்மையான சேமிப்பு. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றில் வெற்று எடை எழுதியிருக்கும். 15.8 என்று இருந்தால், அதோடு எரிவாயுவின் 14.2 கிலோவைக் கூட்டி 30 கிலோ இருக்க வேண்டும். கொண்டுவருபவரிடமே எடைபோட்டுக் காட்டச் சொல்லலாம்.

இணையம், கைபேசி, கேபிள் கட்டணங்களை எப்படிப் பேசிக் குறைப்பது?

இணைய இணைப்பில் மாதக் கட்டணத்தைவிட அதைச் சுற்றியுள்ளவற்றில் பேச இடம் அதிகம். ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் எத்தனை நாள் கூடுதல், மோடத்துக்கு வாடகை உண்டா, இணைப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்களா என்று உள்ளூர் முகவரிடம் கேளுங்கள். உங்கள் தெருவில் இரண்டாவது நிறுவனத்தின் கம்பி வந்துவிட்டதா என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். வந்துவிட்டது என்றால் முதலாமவரின் குரலே மாறியிருக்கும்.

கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. தற்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருந்து, பாக்கியும் இல்லையென்றால் 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி மாறும் குறியீட்டைப் பெறலாம். அதன் பிறகு, ஏன் போகிறீர்கள் என்று கேட்டு அழைப்பு வருவதுண்டு. உண்மையிலேயே போகத் தயாராக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கேபிளில், பார்க்காத கட்டண அலைவரிசைகளைத் தனித்தனியாக நீக்கச் சொல்லும் உரிமை 2019 முதல் இருக்கிறது. தொகுப்பாகத்தான் தருவேன் என்று ஆபரேட்டர் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

மருத்துவச் செலவில் பேரம் பேசுவது சரியா?

சரிதான், ஆனால் நோயாளி படுத்திருக்கும் நேரத்தில் அல்ல. திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். பல தனியார் மருத்துவமனைகளில் அறை வகை மாறினால், அறை வாடகையோடு மருத்துவர் பார்வைக் கட்டணமும் அறுவை சிகிச்சைக் கட்டணமும் சேர்ந்து மாறும். காப்பீட்டில் அறை வாடகைக்கு வரம்பு இருந்து அதைத் தாண்டிய அறையை எடுத்தால், மருத்துவர் கட்டணம், அறுவை சிகிச்சைக் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டிவிடக்கூடும். எனவே அறையைத் தேர்ந்தெடுப்பதே முதல் பேரம். வீட்டுக்கு அனுப்பும்போது விவரப் பட்டியலை வாங்கி, கையுறை எத்தனை, ஊசி எத்தனை, திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்பட்டதா என்று ஒருவர் உட்கார்ந்து பாருங்கள். கையிலிருந்து பணம் கட்டுபவர்கள், இறுதி பில் போடுவதற்கு முன் நிர்வாகத்தில் சலுகை கேட்கலாம்.

மாதாந்திர மருந்துகளில் வழி எளிது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்கான மருந்துச் சீட்டில் நிறுவனப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக்) எழுதித் தருமாறு மருத்துவரிடமே கேட்டு, மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை விசாரியுங்கள். வழக்கமான கடையிலேயே வாங்குவதாக இருந்தாலும், மாதா மாதம் வருகிறவர்களுக்கு எவ்வளவு தள்ளுபடி என்று ஒரு முறை கேளுங்கள். கேட்டவர்களுக்கு மட்டும் தரும் கடைகள் நிறைய உண்டு.

பள்ளிக் கட்டணம்?

தனியார் பள்ளிகளின் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் பள்ளிக்கான தொகையைத் தெரிந்துகொண்டு, கட்டிய அனைத்துக்கும் ரசீது கேளுங்கள். பேச இடமிருப்பது தவணைகளில்: ஒரே தொகையை மூன்றாகப் பிரிக்கச் சொல்வது, இரண்டாவது பிள்ளைக்குச் சலுகை கேட்பது, பேருந்துக் கட்டணத்தில் விடுமுறை மாதங்களைக் கழிக்கச் சொல்வது.

காப்பீட்டு முகவர் தன் கமிஷனில் பாதியைத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அப்படிப் பணம் திருப்பித் தருவதைத் தடை செய்கிறது. வாங்குபவரும் அதில் சிக்குகிறார். பிரீமியத்தைக் குறைக்க நேரான வழிகள் இருக்கின்றன. வாகனக் காப்பீட்டில் இழப்பீடு (கிளைம்) கோராத ஆண்டுகளுக்கு, சொந்த வாகனச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. நிறுவனத்தை மாற்றினாலும் அது கூடவே வரும். தேவையற்ற கூடுதல் பாதுகாப்புகளை நீக்கச் சொல்லலாம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை, புதுப்பிக்கும் ரசீதில் அந்த 18 சதவீதம் நீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி., தண்ணீர் சுத்திகரிப்பான் ஆகியவற்றின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கலாமா?

'எத்தனை முறை வருவீர்கள், எந்த உதிரிபாகம் இதில் அடங்கும், எது அடங்காது?' என்று மூன்று கேள்விகள் கேட்டு, விடையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சுத்திகரிப்பானில் தண்ணீரை வடிகட்டும் சவ்வை (மெம்பிரேன்) மாற்றுவது சேராத ஒப்பந்தம், வெறும் துடைத்துவிட்டுப் போகும் ஒப்பந்தம்தான். ஏ.சி. சர்வீஸை ஏப்ரலில் கேட்டால் யாரும் விலை இறங்க மாட்டார்கள். டிசம்பரிலோ ஜனவரியிலோ கேளுங்கள். அடுக்ககத்தில் எட்டு வீடுகள் ஒரே நாளில் செய்துகொள்வதாகச் சொன்னால் அந்த விலையே வேறு. தண்ணீர் லாரிக்கும் இது பொருந்தும். 2019 கோடையில் சென்னை வறண்டபோது அன்றன்று லாரி தேடியவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தார்கள். மழை பெய்து லாரிகள் சும்மா நிற்கும் மாதத்திலேயே, கோடைக்கும் சேர்த்து ஆண்டு விலை பேசி எழுதி வாங்கிக்கொள்வது அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் வேலை.

வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளத்தில் பேசலாமா?

வேலையின் அளவைப் பேசுங்கள், கூலியை அடிக்காதீர்கள். பாத்திரமும் பெருக்குதலும் மட்டுமா, துணி உண்டா, மாதத்தில் எத்தனை நாள் விடுப்பு, தீபாவளிக்கு எவ்வளவு என்று தெளிவாக வைத்துக்கொண்டால் இரு பக்கமும் மனக்கசப்பு இருக்காது. மற்ற எல்லா இடத்திலும் பேசி மிச்சம் பிடிப்பவர்கள் இங்கே ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பழைய பேப்பர் விற்கும்போதும் பேரம் உண்டா?

உண்டு, ஆனால் விலையில் அல்ல, எடையில். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டால் உடனே ஒத்துக்கொள்வார். அந்த இரண்டு ரூபாய் கைத்தராசில் எங்கேயோ கரைந்துவிடும். கட்டுகளைக் கட்டி, வீட்டுத் தராசில் நிறுத்து, ஒவ்வொரு கட்டின் மேலும் பேனாவால் கிலோவை எழுதி வையுங்கள். 'அண்ணே, மொத்தம் 23 கிலோ இருக்கிறது, என்ன விலை?' என்று கேளுங்கள். அவர் எழுத்தைப் பார்ப்பார், கட்டைத் தூக்கிப் பார்ப்பார், தராசைப் பையிலேயே வைத்துக்கொண்டு விலையைச் சொல்வார்.